திரையில் வரும் புகையும் குடியும் வீட்டுக்குள் வருமா?

கேள்வி:

எங்கள் மகனுக்கு 14 வயது. தனக்குப் பிடித்த நடிகர் சிகரெட்டை உதட்டில் வைத்துப் பற்றவைக்கும் விதத்தைப் பேனாவை வைத்து அப்படியே செய்து காட்டுகிறான். அதை வீடியோ எடுத்து நண்பர்களுக்கும் அனுப்புகிறான். என் கணவர் 20 வருடப் புகைப்பழக்கத்தை 5 மாதங்களுக்கு முன்பு நிறுத்தினார். இரவில் தொடர் பார்க்கும்போது மட்டும் தவிக்கிறார். போன மாதம் இரண்டு முறை எழுந்துபோய் வாங்கிப் புகைத்துவிட்டு வந்தார். எங்களோடு இருக்கும் கொழுந்தனார் தினமும் இரவு அரை பாட்டில் விஸ்கி குடிக்கிறார். நான்கு நாள் அறையில் வைத்துப் பூட்டினால் தெளிந்துவிடுவார் என்று ஏதோ படத்தில் பார்த்ததை வைத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். சினிமாவும் டிவியும்தான் இதற்கெல்லாம் காரணமா? எச்சரிக்கை வாசகம் போடுகிறார்களே, அது போதாதா? டிவியையே எடுத்துவிடலாமா?

- ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நடுவே ஒரு வரியாக வந்துபோன விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொழுந்தனாரை அறையில் வைத்துப் பூட்டாதீர்கள். அதில் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது.

அரை பாட்டில் என்பது 375 மில்லி. 40 சதவீத விஸ்கியானால் அதில் இருக்கும் சுத்த ஆல்கஹால் 150 மில்லி, எடையில் ஏறக்குறைய 118 கிராம். உலக சுகாதார நிறுவனம் 10 கிராமை ஓர் அளவாக வைத்துக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் இவர் ஒரே இரவில் கிட்டத்தட்ட 12 அளவு குடிக்கிறார். மது மூளையின் வேகத்தை அமுக்கும். தினமும் இவ்வளவு குடிப்பவரின் மூளை, அந்த அமுக்கத்தை ஈடுகட்டுவதற்காகத் தன்னை எப்போதும் முடுக்கிவைத்துக்கொண்டே வேலை செய்யப் பழகியிருக்கும். மது சட்டென்று நின்றுவிட்டால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், இல்லாத குரல் கேட்கும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள், அதாவது நீங்கள் சொல்லும் அந்த நான்கு நாளுக்குள்ளேயே, டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நிலை வரலாம்: இடமும் நேரமும் ஆளும் தெரியாத குழப்பம், காய்ச்சல், எகிறும் ரத்த அழுத்தம், தாறுமாறாக ஓடும் நாடி. சிகிச்சை கிடைக்காவிட்டால் இதில் இறந்துபோகிறவர்கள் உண்டு. பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கோ அது குடிக்காகக் கத்துவதாகத்தான் கேட்கும்.

செய்ய வேண்டியது இது. மனநலப் பிரிவோ போதை மீட்புப் பிரிவோ உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை பாட்டிலைப் பிடுங்கி ஒரேயடியாக நிறுத்தவைக்க வேண்டாம். மருத்துவரிடம் ஐந்து விவரங்களைத் தவறாமல் சொல்லுங்கள்: எத்தனை வருடமாக, தினமும் எவ்வளவு, கடைசியாகக் குடித்த நேரம், முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா, கல்லீரல் நோயோ வேறு மாத்திரைகளோ உண்டா. முன்பு ஒருமுறை வலிப்பு வந்திருந்தால் அடுத்த முறை நிறுத்தும்போது அபாயம் இன்னும் கூடுதல். அவரை உள்நோயாளியாகச் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. அங்கே மூளையின் அந்த முடுக்கத்தைத் தணிக்கும் டயஸெபாம், குளோர்டயஸிபாக்சைடு போன்ற மருந்துகளை முதலில் போதுமான அளவு கொடுத்து, ஐந்து முதல் ஏழு நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரஸெபாம் பயன்படுத்துவது வழக்கம். அதோடு தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். தயமின் குறைவாக இருக்கும் உடம்பில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு, கண் அசைவும் நடையும் தடுமாறி, நினைவாற்றலே நிரந்தரமாகப் போய்விடக்கூடும். ‘சோர்வாக இருக்கிறார், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம்’ என்று நினைக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். வீட்டில் வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இன்னொரு திரைப் பாடத்தையும் இங்கேயே தடுத்துவிட வேண்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுத்தால் குடியை வெறுத்துவிடுவார் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படிக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்பிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயமே நிற்கும் அளவுக்குப் போகலாம். மருந்தை நிறுத்திய இரண்டு வாரம் வரைகூட இந்த எதிர்வினை வரும். கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் கழித்து, நோயாளி எல்லாம் தெரிந்து சம்மதித்த பிறகே தொடங்க வேண்டிய மருந்து அது. ரகசியமாகக் கொடுப்பது சிகிச்சையாகாது. குடிப்பவருக்கு விஷம் வைப்பதற்குச் சமம்.

சினிமா எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இந்தப் பூட்டிய அறையே நல்ல உதாரணம். அந்தப் படத்தை எடுத்தவர்கள் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. நான்கு நாள் அவஸ்தையை ஒரு பாட்டுக்குள் சுருக்க வேண்டியிருந்தது. சுருக்கியபோது வலிப்பும் மருத்துவமனையும் வெட்டுப்பட்டுப் போயின. பார்த்தவர் மனதில் ஒரு சிகிச்சை முறை பதிந்துவிட்டது. 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் 97 பகுதிகளைப் பார்த்து, இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிரூட்டும் 60 காட்சிகளைக் கணக்கெடுத்தது. அந்தக் காட்சிகளில் 75 சதவீதம் பேர் அப்போதைக்குப் பிழைத்துக்கொண்டார்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்று, பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் நிஜத்தில் பல நாடுகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. (நெஞ்சை அழுத்தக் கற்றுக்கொள்வது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை; கற்றுக்கொண்டவர் பக்கத்தில் இருந்தால்தான் அந்த ஒருவரும் பிழைக்கிறார்.) தொலைக்காட்சியில் பார்த்ததை மருத்துவ அறிவாக எடுத்துக்கொள்வது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை.

குடிக்கும் காட்சிகளிலும் இதே கத்தரிதான். கதாநாயகன் அரை பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு பத்துப் பேரை அடிக்கிறான். பழக்கமில்லாத 70 கிலோ மனிதர் அதே 118 கிராம் ஆல்கஹாலைச் சீக்கிரமாகக் குடித்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 0.25 சதவீதம் வரை ஏறும். அந்த அளவில் அவரால் நேராக நிற்க முடியாது. வாந்தி எடுப்பார், அந்த வாந்தியே மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளலாம், நடந்தது எதுவும் மறுநாள் நினைவிருக்காது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். முழுதாக இறங்க 12 முதல் 17 மணி நேரம் ஆகும். குளித்தாலும், காபி குடித்தாலும் இந்த வேகம் கூடாது. மறுநாள் காலை பளிச்சென்று வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பும் நாயகனின் ரத்தத்தில் அப்போதும் மது ஓடிக்கொண்டிருக்கும். உண்மையில் படப்பிடிப்பில் அந்த டம்ளரில் இருப்பது பெரும்பாலும் தேநீரோ நிறம் கலந்த தண்ணீரோதான். சிகரெட்டுக்குப் பதில் நிக்கோட்டின் இல்லாத மூலிகைச் சிகரெட்டைக் கொடுப்பதும் வழக்கம்; இல்லாவிட்டால் ஒரே காட்சியைப் பத்து முறை எடுக்கும் நடிகர் சுருண்டு விழுந்துவிடுவார். (மூலிகைச் சிகரெட்டின் புகையிலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டு.) உங்கள் மகனிடம் பேச இந்தத் தகவல் பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்வி. சினிமாதான் காரணமா? காரணங்களில் அதுவும் ஒன்று என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இருக்கிறது. ‘அடங்காத பிள்ளைகள்தான் அப்படிப்பட்ட படங்களைத் தேடிப் பார்க்கிறார்கள், சிகரெட்டும் பிடிக்கிறார்கள், படத்தின் மேல் ஏன் பழி?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதைச் சோதிக்கத்தான் அமெரிக்காவின் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் அதுவரை புகையைத் தொட்டே பார்க்காத 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 2,603 பேரை ஒன்று முதல் இரண்டு வருடம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். 2003-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. படங்களில் புகைக்கும் காட்சிகளை மிகக் குறைவாகப் பார்த்த கால்பங்குப் பிள்ளைகளில் 3 சதவீதம் பேர் புகைக்கத் தொடங்கியிருந்தார்கள். மிக அதிகமாகப் பார்த்த கால்பங்கில் 17 சதவீதம். பிள்ளையின் சுபாவம், படிப்பு, நண்பர்களின் பழக்கம், பெற்றோரின் கண்டிப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், அதிகம் பார்த்தவர்களுக்கு ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. பிறகு ஜெர்மனி, ஐஸ்லாந்து, இத்தாலி, நெதர்லாந்து, போலந்து, ஸ்காட்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளிடமும் இதே தொடர்பு தென்பட்டது. 2012-ல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை, படங்களில் வரும் புகைக் காட்சிகளுக்கும் இளையோர் புகைக்கத் தொடங்குவதற்கும் இடையே இருப்பது காரண காரியத் தொடர்பே என்று முடிவு சொன்னது.

அந்த லான்செட் ஆய்வில் பெற்றோர் பலரும் எதிர்பார்க்காத ஒரு செய்தி உண்டு. படத்தின் தாக்கம் புகைக்காத பெற்றோரின் பிள்ளைகளிடம்தான் கூடுதலாக இருந்தது. வீட்டில் புகைப்பவரைப் பார்க்கும் பிள்ளைக்கு இருமலும் நாற்றமும் தெரியும். அதைப் பார்க்காத பிள்ளைக்குச் சிகரெட் என்றால் திரையில் வருவது மட்டும்தான். உங்கள் கணவர் நிறுத்தியது மகனுக்குச் செய்த பெரிய நன்மை. ஆனால் ‘வீட்டில்தான் யாரும் பிடிப்பதில்லையே’ என்று இனி நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஒரு காட்சியால் யாரும் கெட்டுப்போவதில்லை. மழைத்தண்ணீர் சுவரில் ஊறுவதுபோல் நூற்றுக்கணக்கான காட்சிகள் சேர்ந்துதான் மனதில் இறங்குகின்றன. முதலில் ‘எல்லோரும் பிடிக்கிறார்கள்’ என்ற தப்புக்கணக்கு விழுகிறது. அடுத்து, துக்கம் வந்தால், கோபம் வந்தால், ஜெயித்தால், காதலில் தோற்றால் செய்ய வேண்டியது இது என்று உணர்ச்சியோடு பழக்கம் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. பிடித்த நடிகர் செய்தால் அந்த முடிச்சு இன்னும் இறுகும். வில்லன் பிடிப்பதைவிட நாயகன் பிடிப்பதுதான் ஆபத்து என்று பலர் நினைப்பார்கள். நான் அவ்வளவு எளிதாகப் பிரிக்கமாட்டேன். பையன்களுக்குக் கெத்தான வில்லனும் நாயகன்தான்.

எச்சரிக்கை வாசகம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படம் தொடங்கும் முன் காட்டும் நல்ல புகையிலை எதிர்ப்புக் குறும்படத்துக்குப் பலன் உண்டு. அமெரிக்காவில் 1999-லும் ஆஸ்திரேலியாவில் 2004-லும் வெளிவந்த சோதனைகளில், அப்படி ஒரு விளம்பரத்தை முதலில் பார்த்த பதின்வயதினர், படத்தில் புகைப்பவரை அவ்வளவாக ரசிக்கவில்லை. இந்தியாவில் 2012 அக்டோபர் 2 முதல், புகையிலைக் காட்சி உள்ள படங்களின் தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடிக் குறும்படமும், காட்சி ஓடும்போது திரையின் அடியில் எச்சரிக்கை வரியும் கட்டாயம். 2023 செப்டம்பர் 1 முதல் ஓடிடி தளங்களுக்கும் இதே விதி. நல்ல விதிகள். ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது? தொடக்கத்தை ஓட்டிவிட்டுத்தான் பார்க்கிறோம். அடியில் ஓடும் வரியைவிட நடிகரின் முகம்தான் கண்ணை இழுக்கும். எச்சரிக்கை இருப்பதால் காட்சி பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நண்பர்களுக்குள் சுற்றும் துண்டு வீடியோக்களில் அந்த வரிகூட இருப்பதில்லை.

டிவியை எடுத்துவிட வேண்டியதில்லை. எடுத்தாலும் அவன் கைபேசியில் பார்ப்பான், அதுவும் தனியாக. பார்க்கும் அளவைக் குறையுங்கள்; பார்ப்பதை வரவேற்பறைக்குக் கொண்டுவாருங்கள். மேலே சொன்ன அமெரிக்கப் பிள்ளைகளிடமே, 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையோடு மட்டும் பார்க்கலாம் என்று சான்றிடப்பட்ட படங்களைப் பற்றியும் கேட்டார்கள். அவற்றைப் பார்க்கவே விடாத வீடுகளில் 2.9 சதவீதப் பிள்ளைகள்தான் புகைக்கத் தொடங்கினார்கள். எப்போதாவது விட்ட வீடுகளில் 7 சதவீதம். அதைவிடத் தாராளமாக விட்ட வீடுகளில் 14.3 சதவீதம். பெற்றோரின் கண்டிப்பால் பயனில்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அதை இப்படிச் செய்யுங்கள். ஓடிடியில் அவனுக்கெனத் தனிக் கணக்குப் பிரிவு உருவாக்கி, வயது வரம்பை அவன் வயதுக்கு வைத்துப் பூட்டுங்கள். பெரியவர்களின் பிரிவுகளுக்கும் பின் எண் போட வேண்டும். பலரும் பிள்ளையின் பிரிவை மட்டும் பூட்டிவிட்டு இதை மறந்துவிடுவார்கள், அவன் இரண்டு தட்டில் அப்பாவின் பிரிவுக்குள் போய்விடுவான். அடுத்த பகுதி தானாக ஓடும் வசதியை அணைத்துவையுங்கள். படம் தொடங்கும்போது வயதுச் சான்றுக்குப் பக்கத்தில் ‘புகையிலை’, ‘போதைப்பொருள்’ என்று வரும் குறிப்பைப் படிக்கும் வழக்கத்தை வீட்டில் எல்லோரும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். படுக்கையறையில் திரை வேண்டாம். இரவில் கைபேசி வரவேற்பறையில் சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும் சேர்த்து. மொத்த நேரத்தையும் குறைக்க நினைத்தால், கலிபோர்னியாவில் ஒரு பள்ளியில் செய்து பார்த்து வெற்றி கண்டு, 1999-ல் ஆய்வாக வெளிவந்த முறை இருக்கிறது: முதல் 10 நாள் திரையே இல்லை, அதன் பிறகு வாரத்துக்கு 7 மணி நேரம். எதைப் பார்ப்பது என்று பிள்ளையே தேர்ந்தெடுத்துச் செலவழிக்க வேண்டும். அந்த ஆய்வு புகையைப் பற்றியது இல்லை. அங்கே குறைந்தது பிள்ளைகளின் உடல் பருமன் கூடும் வேகம்தான். திரைக்கு முன் உட்கார்ந்து உண்பதும் குறைந்தது. நேரத்தைக் குறைத்தால் எல்லாப் பக்கத்திலும் லாபம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி பேனா விஷயம். பேனாவை உதட்டில் வைப்பது சிகரெட்டின் தொடக்கம் என்று பதற வேண்டாம். சும்மா விளையாட்டு என்று விட்டுவிடவும் வேண்டாம். அவனுக்கு இப்போது பிடித்திருப்பது நிக்கோட்டின் இல்லை, அந்த உடல்மொழி. அதனால் நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதில் பலன் குறைவு. 14 வயதுக்கு 50 வயதுப் புற்றுநோய் எட்டாத தூரம். அவனுக்குப் பிடித்த நடிகரை நீங்கள் திட்டினால் இன்னும் மோசம், அவரைக் காப்பாற்றுவதே அவன் வேலையாகிவிடும். காட்சி ஓடும்போது நடுவில் நிறுத்திப் பாடம் நடத்தாதீர்கள். படம் முடிந்த பிறகு, சாப்பிடும்போதோ வெளியே நடக்கும்போதோ, முகத்தைப் பார்க்காமல் போகிறபோக்கில் ஒரு கேள்வி போதும். ‘அந்த சீன்ல அவர் கையில சிகரெட் இல்லாம இருந்தா கோபமா இருக்கார்னு வேற எப்படிக் காட்டியிருப்பாங்க?’ ‘இத்தனை தடவை பிடிக்கிறாரே, படம் முழுக்க ஒரு தடவையாவது இருமினாரா?’ ‘காலையில எழுந்ததும் கை தேடற மாதிரி ஒரு சீன் ஏன் வைக்கல?’ அவன் பதில் சொன்னால் கேளுங்கள். மடக்கிப் பேசி ஜெயிக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு கேள்விக்கு மேல் தேவையில்லை. வீடியோ எடுப்பதில் ஆர்வம் இருக்கிறது என்றால் அது நல்ல வழி: அந்தக் காட்சியையே சிகரெட் இல்லாமல் நடித்து எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த உணர்ச்சியைச் சிகரெட் இல்லாமலும் காட்ட முடியும் என்று அவன் கையாலேயே கண்டுபிடிப்பான்.

விற்பனைத் தந்திரம் என்று தெரிந்தால் பதின்வயதினருக்குக் கோபம் வரும்; அந்தக் கோபம் நல்லது. தங்கள் சரக்கு திரையில் தெரிவதற்காகச் சிகரெட் கம்பெனிகள் ஒருகாலத்தில் பணம் கொடுத்ததும், 1998-ல் அமெரிக்க மாநிலங்களோடு செய்த உடன்பாட்டில் அது தடைசெய்யப்பட்டதும் பதிவான வரலாறு. இதை அவனிடம் சொல்லுங்கள். தினமும் புகைக்கும் அமெரிக்கப் பெரியவர்களில் 88 சதவீதம் பேர் முதல் சிகரெட்டைத் தொட்டது 18 வயதுக்குள் என்பதையும் சொல்லுங்கள். யாரைப் பார்த்து அந்தக் கடை விரித்திருக்கிறார்கள் என்பது அவனுக்கே விளங்கும்.

அவன் உண்மையிலேயே தொட்டுப் பார்த்திருந்தால்? உடையிலும் விரலிலும் வாடை, திடீரென்று வாசனைத் திரவியமும் மிட்டாயும் கூடுவது, காரணமில்லாத எரிச்சல், கணக்கில் வராத பணம் இவையெல்லாம் சந்தேகத்துக்கு இடம் தருபவை. மின்-சிகரெட்டுக்கு வாடையும் குறைவு. பேனா போலவும் பென் டிரைவ் போலவும் இருக்கும். பையைச் சோதனை போடுவதைவிட நேராகக் கேளுங்கள்: ‘யாராவது குடுத்தாங்களா, எப்படி இருந்துச்சு?’ ஒன்றிரண்டு முறை என்றால் திட்டாமல் இருந்தாலே அடுத்த முறை உங்களிடம் சொல்லுவான். வாரத்தில் சில நாள் என்ற அளவை எட்டியிருந்தால், தினமும் பிடிக்கவில்லை என்று அலட்சியம் வேண்டாம். வளரும் மூளை தினப் பழக்கமாவதற்கு முன்பே நிக்கோட்டினுக்கு அடிமையாகத் தொடங்கிவிடும். குழந்தைகள் நல மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். கீழே கணவருக்குச் சொல்லும் நிக்கோட்டின் சூயிங்கத்தை மகனுக்கு நீங்களாகக் கொடுக்கக்கூடாது.

கணவரின் நிலைமை வேறு. மகனுக்குத் திரை புதிதாகக் கற்றுக்கொடுக்கிறது. அவருக்குக் கற்றதை நினைவூட்டுகிறது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 17 புகைப்பவர்களையும் 17 புகைக்காதவர்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து ஒரு படத்தின் முதல் 30 நிமிடத்தைக் காட்டினார்கள். முடிவு 2011-ல் வெளிவந்தது. திரையில் ஒருவர் புகைத்தபோது, புகைப்பழக்கம் உள்ளவர்களின் மூளையில் கையசைவைத் திட்டமிடும் பகுதிகள் இயங்கின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை தயாராகிறது. குடியிலும் இப்படித்தான்: நெதர்லாந்தில் 80 இளைஞர்களை வைத்து நடந்த சோதனை ஒன்றில், மது அதிகம் வரும் படத்தையும் மது விளம்பரத்தையும் பார்த்தவர்கள், இரண்டும் இல்லாமல் பார்த்தவர்களைவிட ஒரு மணி நேரத்தில் சராசரியாக ஒன்றரை டம்ளர் கூடுதலாகக் குடித்தார்கள். அதனால் உங்கள் கணவரின் தவிப்பை மன உறுதி இல்லாமை என்று சொல்லாதீர்கள். ஐந்து மாதத்தில் உடம்பின் நிக்கோட்டின் தேவை தீர்ந்துவிட்டது. இரவு, சாப்பாடு முடிந்த நேரம், அதே நாற்காலி, திரையில் புகை என்ற சேர்க்கைதான் இன்னும் தீரவில்லை.

சேர்க்கையை உடையுங்கள். அடுத்த நான்கு வாரம் புகை அதிகம் வரும் அந்தத் தொடரை ஒத்திவைக்கட்டும். பார்ப்பது முன்னிரவில் இருக்கட்டும், நள்ளிரவில் தனியாக வேண்டாம். தூக்கம் கெட்ட மறுநாள் தவிப்பு கூடும் என்பதும் ஒரு காரணம். உட்காரும் இடத்தை மாற்றுங்கள், விளக்கைப் போட்டுவையுங்கள், கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். தவிப்பு வந்தால் அது அலைபாய்ந்து இறங்க பெரும்பாலும் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. அந்த நேரம் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்து, வேறு அறைக்குப் போய் யாரிடமாவது பேச வேண்டும். பர்ஸும் வண்டிச் சாவியும் உங்களிடம் இருக்கட்டும் என்று அவரே விரும்பிக் கொடுத்தால் வாங்கிவையுங்கள், நீங்களாகப் பறிக்காதீர்கள்.

இதற்கு மேலும் தாங்கவில்லை என்றால் நிக்கோட்டின் சூயிங்கம் உதவும். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வயிற்றுப் புண் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வரும். காலையில் எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு 4, மற்றவர்களுக்கு 2 என்பது பொது விதி. ஐந்து மாதம் தள்ளியிருப்பவருக்கு எப்போதாவது வரும் தவிப்புக்கு 2 மில்லிகிராமே போதும் என்பது என் கருத்து. பலரும் இதைச் சாதாரண சூயிங்கம்போல் வேகமாக மென்று, வரும் எச்சிலை விழுங்கிவிட்டு, விக்கல் வருகிறது, குமட்டுகிறது, பலனும் இல்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வயிற்றுக்குள் போகும் நிக்கோட்டினில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். கன்னத்தின் உட்புறத் தோல் வழியாகத்தான் அது ரத்தத்துக்குப் போக வேண்டும். அதனால் மெதுவாகச் சில முறை மெல்ல வேண்டும். மிளகு போலச் சுரீரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி மென்று இடம் மாற்றி ஒதுக்க வேண்டும். இப்படி 30 நிமிடம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு, குளிர்பானம் வேண்டாம். புளிப்பான வாயில் நிக்கோட்டின் உறிஞ்சப்படாது. ரத்தத்தில் அளவு உச்சத்துக்கு வர அரை மணி நேரம் ஆகும் என்பதால், தவிப்பு வந்த பிறகு வாயில் போடுவதைவிட, புகைக் காட்சி இருக்கும் என்று தெரிந்த நிகழ்ச்சிக்கு உட்காரும் முன்பே போடுவது நல்லது.

போன மாதத்து இரண்டு சிகரெட்டைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அவை சறுக்கல், பழக்கம் திரும்பிவிட்டதாகக் கணக்கு எழுதாதீர்கள். ‘போச்சு, எல்லாம் வீண்’ என்ற நினைப்புதான் அடுத்த பாக்கெட்டை வாங்கவைக்கும். இரண்டு முறையும் எந்தக் காட்சி, எத்தனை மணி, அன்று பகலில் என்ன நடந்தது, கூட யார் இருந்தார்கள் என்று அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது முறை நடந்தால் அதையும் எழுதட்டும். கொழுந்தனாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாளில் அந்தத் தாளோடு இவரும் போய் அதே மருத்துவரைப் பார்க்கலாம். அண்ணனும் சிகிச்சைக்காகத்தான் உள்ளே வருகிறார் என்று தெரிந்தால், தம்பி அந்த வாசலைத் தாண்டுவது சற்றே எளிதாகும்.